வருகைப் பதிவேட்டில் இல்லாத அலை

புதுப்பட்டினத்தில் காலை ஆறே கால் மணிக்கு ஒரு சாப்பாட்டுப் பை மட்டும் கல்லூரிப் பேருந்தில் ஏறும். பைக்கு உரியவன் ஏறமாட்டான். குப்பத்திலிருந்து அவனுடைய அம்மா கொண்டுவந்து தரும் பையைக் கூடப் படிக்கும் பையன் வாங்கி மடியில் வைத்துக்கொள்வான். வண்டி ஈ.சி.ஆரில் வடக்கே ஓடி, மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் பூஞ்சேரி கூட்டு ரோட்டில் நிற்கும்போது, ஈரத் தலையும் காதோரம் பூத்த உப்புமாக அவன் ஏறுவான். விடியற்காலை நாலரை மணிக்கே மாமாவின் பைக்கில் மாமல்லபுரம் போய், கடற்கரைக் கோயிலை ஒட்டிய அலையில் ஒரு மணி நேரம் பலகை ஓட்டிவிட்டு, அங்கிருந்தே கல்லூரிக்குப் போகிறான். பொறியியல் மூன்றாம் ஆண்டு. மூன்று வருடமாக இதுதான் அவன் வழக்கம்.

2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்தபோது அவன் தன்னார்வத் தொண்டனாக ஐந்து நாள் கரையில் நின்றான். ஆசியாவின் சிறந்த வீரர்கள் தன் சொந்த அலையில் இறங்குவதைப் பார்க்கும் வாய்ப்பு ஆயுளில் இன்னொரு தடவை கிடைக்குமா என்று அவனுக்குத் தெரியாது. திரும்பிப் போனபோது ஐந்து நாள் வருகை போயிருந்தது. அந்த நாட்களையும் வருகையாகக் கணக்கிட ஓ.டி. (ஆன்-டியூட்டி) கேட்டான். "ஓ.டி. லெட்டர்ல என்ன கேம்னு எழுதணும் அண்ணா. சர்ஃபிங்னு எழுதினேன். லிஸ்ட்ல இல்லைன்னுட்டாங்க" என்றான். எழுபத்தைந்து சதவீத வருகைக்கு அந்த ஐந்து நாளும் தேவைப்பட்டன. எந்தக் கல்லூரி என்பது இங்கே முக்கியமில்லை. எதில் கேட்டிருந்தாலும் ஏறக்குறைய இதே பதில்தான் வந்திருக்கும். 'லிஸ்ட்ல இல்லை' என்ற அந்த வார்த்தைதான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது.

நம் கல்லூரிகளில் விளையாட்டு என்று சொல்லப்படுவது ஒரு பட்டியல். பி.டி. சார் ஆள் எடுப்பார். கல்லூரி அணி மண்டலப் போட்டிக்குப் போகும். மண்டலத்தில் கண்ணில் பட்டவர்கள் பல்கலைக்கழக அணிக்குப் போவார்கள். அங்கிருந்து தென்மண்டலம், பிறகு அகில இந்தியப் போட்டி. மேலே இருந்து இதை நடத்துவது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம். 1925-இல் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான வாரியமாகத் தொடங்கிய அமைப்பு அது. விளையாட்டில் முதலிடம் பெறும் பல்கலைக்கழகத்துக்கு 1956-57 முதல் மௌலானா ஆசாத் கோப்பை தரப்படுகிறது. ஒரு கல்லூரியின் விளையாட்டு நிதி, மைதானம், பயிற்சியாளர் எல்லாம் இந்த ஏணியைப் பார்த்துத்தான் ஒதுக்கப்படுகின்றன. ஏணியின் ஒவ்வொரு படிக்கும் ஒரு காகிதம் உண்டு. வேலைவாய்ப்பில் விளையாட்டு ஒதுக்கீடு கேட்பவர்களுக்குத் தெரியும்: சர்வதேசப் போட்டிக்கு ஃபார்ம்-1, தேசியப் போட்டிக்கு ஃபார்ம்-2, பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிக்கு ஃபார்ம்-3. தமிழ்நாட்டு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு இருப்பதால், கிராமத்துக் கபடிப் பையன் ஒருவனுக்கு அந்த ஃபார்ம்-3 அவன் வாங்கும் பட்டத்தைவிடப் பெரியது. ஊரில் அவனை 'யுனிவர்சிட்டி பிளேயர்' என்றுதான் அறிமுகப்படுத்துவார்கள்.

இந்த ஏற்பாட்டை நான் குறை சொல்லவில்லை. கபடியிலும் கைப்பந்திலும் கூலித் தொழிலாளியின் பிள்ளையைக் காவல்துறை வேலைவரை கொண்டுபோன ஏற்பாடு இது. ஆனால் பட்டியலுக்கு வெளியே நிற்கும் ஆட்டத்துக்கு இதில் அரைப்படிகூடக் கிடையாது. ஆட்டம் ஏணியில் இருக்கும். இல்லாவிட்டால் கல்லூரியைப் பொறுத்தவரை அது நடக்கவே இல்லை. நடுவில் இருக்கவேண்டியது ஒன்று உண்டு. அதற்கு நாம் வைத்திருக்கும் சொல் 'கிளப்'.

கிளப் என்ற சொல் தமிழில் நிறைய வேலை பார்த்திருக்கிறது. ஒரு காலத்தில் கிளப் என்றால் காபியும் இட்லியும் கிடைக்கும் கடை; 'கிளப்பில் சாப்பிட்டேன்' என்று நம் தாத்தாக்கள் சொன்னார்கள். சென்னையில் அதே சொல் வெள்ளைக்காரர்களும் பிறகு பெரிய மனிதர்களும் மட்டும் நுழையும் கட்டடத்தைக் குறித்தது. கிராமத்தில் அதே சொல் டீ-ஷர்ட் அடித்து, பொங்கலுக்குக் கபடிப் போட்டி நடத்தி, கோப்பைக்கு ஊர் முழுக்க வசூல் செய்யும் இளைஞர் கூட்டம். செங்கல்பட்டு மாவட்டத்தில் எந்த ஊருக்குப் போனாலும் இந்த மூன்றாவது கிளப் இருக்கிறது. கல்லூரி அணியில் இடம் கிடைக்காத பையன்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுவது அங்கேதான். யாருடைய உத்தரவும் இல்லாமல் சனிக்கிழமை இரவில் கோடு போட்டு, ட்யூப் லைட் கட்டி, மைக் செட் வாடகைக்கு எடுத்து, விடியவிடியப் போட்டி நடத்தத் தெரிந்தவர்கள் இவர்கள். இந்தத் திறமை கல்லூரி வாசலைத் தாண்டி உள்ளே வருவதில்லை.

பட்டியலில் இருக்கும் ஆட்டங்களும் பிறக்கும்போதே பட்டியலில் இருந்தவை அல்ல. கூடைப்பந்து 1891-லும் கைப்பந்து 1895-லும் அமெரிக்காவில் ஒய்.எம்.சி.ஏ. என்ற இளைஞர் சங்கத்தின் உடற்பயிற்சிக் கூடங்களில் உருவானவை. கூடைப்பந்து பிறந்த ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி க்ரோ பக் என்பவர் சென்னைக்கு வந்து 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கும் கல்லூரி அதுதான். அங்கே படித்தவர்கள் உடற்கல்வி ஆசிரியர்களாகப் போன இடமெல்லாம் ஆட்டமும் போனது. சங்கம் ஒன்றின் ஆட்டம் ஒரு தலைமுறைக்குள் கல்லூரி ஆட்டமானது. இன்று கைப்பந்து இல்லாத தமிழ்நாட்டுக் கல்லூரியைத் தேடித்தான் பார்க்கவேண்டும்.

எங்கள் கரையில் அலைச்சறுக்கு இப்போது அந்த நிலையில் நிற்கிறது. 2000-களின் தொடக்கத்தில் கோவளத்து மீனவர் மூர்த்தி மேகவன், வெளிநாட்டுப் பயணி ஒருவரிடம் பலகையை வாங்கி ஏறிப் பார்த்தார். கட்டுமரத்தில் அலையைத் தாண்டிப் பழகிய கால்களுக்கு அது புதிதாகப் படவில்லை. அலை எங்கே உடையும், எது கைவிட்டுப்போகும், எது கரைவரை தூக்கிவரும் என்பது குப்பத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் போகும் முன்பே தெரியும். சென்னையில் ஒலிப்பதிவுத் துறையில் இருந்த இஸ்ரேலியரான யோதம் ஆகம் நண்பராகி உதவினார். தொழிலதிபரும் அலைச்சறுக்கு வீரருமான அருண் வாசு துணை நிற்க, 2012-இல் கோவளத்தில் பயிற்சிப் பள்ளி உருவானது. மேற்குக் கரையில் இதற்கு முன்பே ஒரு விதை விழுந்திருந்தது. 'சர்ஃபிங் சாமி' என்று அழைக்கப்பட்ட அமெரிக்கரான ஜாக் ஹெப்னர், கர்நாடகத்தின் முல்கியில் 2004-இல் மந்த்ரா சர்ஃப் கிளப்பைத் தொடங்கினார். இந்திய அலைச்சறுக்குக் கூட்டமைப்பு 2011-இல் வந்தது.

அதன் பிறகு நடந்தது வேகமாக நடந்தது. கோவளத்தில் ஆண்டுப் போட்டிகள். மாமல்லபுரத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பயிற்சிப் பள்ளிகள். டோக்கியோ ஒலிம்பிக்கில் அலைச்சறுக்கு முதன்முறையாகச் சேர்ந்தது. 2023 ஆகஸ்டில் உலக அலைச்சறுக்கு லீக்கின் தகுதிச் சுற்றுப் போட்டி மாமல்லபுரத்தில் நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டு செஸ் ஒலிம்பியாட் நடந்த அதே ஊர். 2025 ஆகஸ்டில் ஆசியப் போட்டி. அதில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். ஆசிய அலைச்சறுக்கில் தனிநபர் பதக்கம் வென்ற முதல் இந்தியர். 2026-இல் ஜப்பானில் நடக்கும் ஆசிய விளையாட்டிலும் அலைச்சறுக்கு உண்டு.

ஆக, உச்சி இருக்கிறது. அடியும் இருக்கிறது: விடியற்காலையில் மாமாவின் பைக்கை எடுத்துக்கொண்டு போகும் பையன். இரண்டுக்கும் நடுவில், பதினெட்டு வயதிலிருந்து இருபத்திரண்டு வரை, நாட்டின் முதல் பத்து பேரில் ஒருவராக ஆக முடியாத, ஆனால் நன்றாக ஆடக்கூடிய நூறு பேருக்கு என்ன இருக்கிறது? பல்கலைக்கழகங்களுக்கிடையிலான அலைச்சறுக்குப் போட்டியை இந்தக் கரையில் நான் பார்த்ததில்லை. 2025 மே மாதம் டையூவில் முதலாவது கேலோ இந்தியா கடற்கரை விளையாட்டு நடந்தது. கடற்கரைக் கைப்பந்து, கால்பந்து, கபடி, திறந்த கடல் நீச்சல், செபக்தக்ரா, பென்சாக் சிலாட் எல்லாம் இருந்தன. மல்லர்கம்பமும் கயிறு இழுத்தலும்கூடக் காட்சி ஆட்டங்களாக இடம்பெற்றன. அலைச்சறுக்கு இல்லை. தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருப்பது இதே செங்கல்பட்டு மாவட்டத்து மேலக்கோட்டையூரில். அங்கிருந்து கேளம்பாக்கம் வழியாகக் கோவளத்து அலைக்கு இருபது கிலோமீட்டர்கூட இருக்காது.

இந்த இடைவெளியை வேறொரு நாட்டு மாணவர்கள் எப்படி நிரப்பினார்கள் என்று தேடியபோதுதான் லக்ராஸ் என்ற ஆட்டத்தின் கதையில் வந்து விழுந்தேன். நீண்ட கோலின் நுனியில் வலைப்பை. அதில் ரப்பர் பந்தை ஏந்தி ஓடி, வீசி, கோல் போடும் ஆட்டம். வட அமெரிக்கப் பழங்குடிகளில் ஹோடனஷோனி மக்கள் இதைத் தங்கள் படைப்புக் கடவுள் தந்த ஆட்டம் என்று போற்றுகிறார்கள். 1860-களில் மான்ட்ரியால் நகரத்துப் பல் மருத்துவர் வில்லியம் ஜார்ஜ் பியர்ஸ் அதற்கு விதிகள் எழுதினார். விதி எழுதப்பட்டு இருபது ஆண்டுகளுக்குள், 1880-இல், பணம் வாங்கி ஆடுகிறார்கள் என்ற காரணத்தைச் சொல்லி, ஆட்டத்தைத் தந்த பழங்குடியினரையே கனடாவின் தேசியப் போட்டியிலிருந்து ஒதுக்கிவைத்தார்கள். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அறுவர் ஆட்டமாக லக்ராஸ் திரும்பவும் வருகிறது. ஹோடனஷோனி மக்கள் தங்கள் கொடியின் கீழ் ஆட இடம் கேட்டு நிற்கிறார்கள். கடலோரத்தில் வாழ்கிறவன் இதைப் படிக்கும்போது மனம் ஒரு கணம் நின்றுவிடுகிறது.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆண்கள் லக்ராஸ் இரண்டு அடுக்காக நடக்கிறது. மேல் அடுக்கு 'வர்சிட்டி': பல்கலைக்கழகமே நடத்தும் அணி, சம்பளப் பயிற்சியாளர், உதவித்தொகை, தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் போட்டி. அந்தச் சங்கம் லக்ராஸுக்கு முதல் சாம்பியன்ஷிப் நடத்தியது 1971-இல். முதல் பிரிவில் இன்று எழுபதுக்கும் மேற்பட்ட அணிகள் இருக்கின்றன. பெரும்பாலும் கிழக்குக் கரைப் பக்கம். கலிபோர்னியா, கொலராடோ, யூட்டா போன்ற மேற்கு மாநிலங்களின் பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் வர்சிட்டி லக்ராஸ் கிடையாது. பணம் ஒரு காரணம். கல்வியில் ஆண்-பெண் பாகுபாடு கூடாது என்ற 1972-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொரு காரணம்: அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்றே நூறு ஆண்களை விழுங்கிவிடும்போது, ஆண்களுக்கு மேலும் ஓர் அணி தொடங்கப் பல்கலைக்கழகங்கள் தயங்குகின்றன. பெண்களுக்கு நியாயம் செய்த அந்தச் சட்டத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. இடம் கிடைக்காத பையன்கள் அடுத்து என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு வேண்டிய கதை.

அவர்களே கிளப் தொடங்கினார்கள். மாணவர்களில் ஒருவன் தலைவன், ஒருவன் பொருளாளர், ஒருவன் மைதானத்துக்கு அனுமதி வாங்குகிறவன். ஒவ்வொருவனும் பருவத்துக்குச் சில ஆயிரம் டாலர்வரை தன் கையிலிருந்து கட்டுகிறான். இந்தக் கிளப்புகளெல்லாம் சேர்ந்து 1997-இல் தங்களுக்கென்று ஒரு தேசியச் சாம்பியன்ஷிப்பை நடத்தின. 2006-இல் அந்தப் போட்டியை நடத்திய அமைப்பு, ஆண்கள் கல்லூரி லக்ராஸ் சங்கம் என்று பெயர் மாறியது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட அணிகள், பிரிவுகள், வட்டார லீக்குகள், கடைசியில் ஒரு தேசிய இறுதிப் போட்டி. இதே வேலையைச் செய்யும் இன்னொரு லீக்கும் உண்டு.

அவர்களிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது பணத்தை அல்ல. அது நம்மிடம் வராது. அவர்கள் வைத்த கட்டுப்பாட்டைத்தான் எடுத்துக்கொள்கிறேன். அதிகாரப்பூர்வ அணி இல்லை என்பதற்காகக் கண்டவரும் ஆடலாம் என்று அவர்கள் விடவில்லை. முழுநேர மாணவனாக இருக்கவேண்டும், படிப்பில் தேறியிருக்கவேண்டும், இத்தனை ஆண்டுதான் ஆடலாம் என்று வர்சிட்டிக்கு இணையாகத் தங்களுக்குத் தாங்களே விதி போட்டுக்கொண்டார்கள். ஒவ்வொரு ஆட்டத்தின் கணக்கையும் எழுதி வைத்தார்கள், தரவரிசை வெளியிட்டார்கள். அந்தக் கணக்குப் புத்தகம்தான் பிறகு பேசியது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கிளப் அணி 2008, 2009, 2010 என்று தொடர்ந்து மூன்று முறை சாம்பியன் ஆனது. மறுக்க முடியாத நிலைக்கு வந்த பல்கலைக்கழகம், 2011-இல் அந்த அணியை வர்சிட்டியாக ஏற்பதாக அறிவித்தது; கிளப்பின் பயிற்சியாளர் ஜான் பாலையே பயிற்சியாளராகவும் வைத்துக்கொண்டது. 2012-இல் முதல் பருவம். யூட்டா பல்கலைக்கழகம் 2019-இல் அதே வழியில் வந்தது. ஏறாமல் நின்ற நூற்றுக்கணக்கான அணிகள் இருக்கின்றன. அவற்றில் ஆடியவர்களும் நான்கு வருடம் ஆடினார்கள், தோற்றார்கள், ஜெயித்தார்கள். அவர்கள் பெயரும் ஏட்டில் இருக்கிறது.

அலைச்சறுக்கு அணி ஆட்டம் இல்லையே, லக்ராஸோடு எப்படி ஒப்பிடுவது என்று ஒரு நண்பர் கேட்டார். அவர் கரையில் நின்று ஒரு போட்டியையும் பார்த்ததில்லை. போன ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பார்த்தேன்.

ஆறு கல்லூரிகளிலிருந்து பதினாலு பையன்கள். தலைக்கு இருநூறு ரூபாய். அதில் தண்ணீர் கேன், இட்லி, வெயிலுக்கு ஒரு ஷாமியானா. ஒரு சுற்றுக்கு நான்கு பேர். சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை என்று மேலே போட நான்கு சட்டைகளை ஒரு பயிற்சிப் பள்ளியில் இரவல் வாங்கியிருந்தார்கள். நேரம் இருபது நிமிடம். தொடங்கவும் முடிக்கவும் ஊதுவதற்கு ஐஸ் வண்டிக்காரரின் ரப்பர் ஹார்ன். அந்த நேரத்துக்குள் எத்தனை அலை வேண்டுமானாலும் பிடிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண், சிறந்த இரண்டு மட்டும் கூட்டப்படும். மொத்தம் இருபதுக்கு. பெரிய போட்டிகளில் ஐந்து நடுவர்கள் இருப்பார்கள். அதிகமானதையும் குறைவானதையும் தள்ளிவிட்டு மீதி மூன்றுக்குச் சராசரி எடுப்பார்கள். இங்கே இருந்ததே மூன்று பேர். மூவரும் மூத்த அலைச்சறுக்காளர்கள். அதில் இருவர் விடியும் முன்பு வலை எடுத்துவிட்டு வந்தவர்கள்.

கடலில் நால்வர்தான் இருந்தார்கள். கரையிலோ எல்லோருக்கும் வேலை இருந்தது. ஒருவன் கையில் கடிகாரம். ஒருவன் "மஞ்சள், மூணாவது அலை, லெஃப்ட்" என்று கத்திச் சொல்ல, இன்னொருவன் நீளமான நோட்டில் கோடு போட்ட கட்டத்துக்குள் எழுதுகிறான். இரண்டு பேர் தண்ணீரில் இடுப்பளவு நின்று, பலகையின் கால்கயிறு அறுந்து யாராவது தவித்தால் இழுக்கத் தயாராக இருக்கிறார்கள். மூன்றாவது சுற்றில் ஒரு தகராறு வந்தது. நீலச் சட்டைக்காரன் முதலில் எழுந்து ஓட்டிக்கொண்டிருந்த அலையில் வெள்ளைச் சட்டைக்காரன் குறுக்கே புகுந்துவிட்டான். அலை உடையும் இடத்துக்கு நெருக்கமாக இருப்பவனுக்குத்தான் அந்த அலை சொந்தம் என்பது உலகம் முழுக்க விதி. வெள்ளைக்கு வேண்டியவர்கள் சத்தம் போட்டார்கள். மூத்த நடுவர் நோட்டை மூடிவைத்தார். "தம்பி, கடல்ல ஒருத்தன் வலை போட்ட எடத்துல நீ வலை போடுவியா?" என்று மட்டும் கேட்டார். அவ்வளவுதான், சத்தம் அடங்கியது; வெள்ளையின் ஓர் அலை பாதி மதிப்பெண் ஆனது.

கிளப் என்பது என்ன என்று எனக்கு அங்கேதான் புரிந்தது. அலையில் இறங்குகிறவன் ஒருவன். அவன் ஒரு போட்டியில் ஆடினான் என்று ஆவதற்குக் கரையில் பத்து பேர் வேண்டும். அந்தப் பத்து பேரும் மாணவர்களாக இருக்க முடியும்.

காலக்கணக்கும் நமக்குச் சாதகமாகவே இருக்கிறது. தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ வீசும் புயலில் பிறக்கும் நீளமான அலைகள் ஏப்ரலிலிருந்து செப்டம்பர்வரை இந்தக் கரைக்கு வந்து சேர்கின்றன. அவை திடீரென்று ஊருக்குள் ஏறும்போதுதான் கள்ளக்கடல் என்கிறோம். இலங்கைத் தீவு அவற்றில் ஒரு பகுதியை மறைத்துக்கொண்டாலும் மீதி நமக்குப் போதும். மறைத்துக்கொண்ட இலங்கையிலோ அறுகம்பே அந்த மாதங்களில்தான் உலகம் தேடிவரும் அலையாகிறது. ஐப்பசி பிறந்தால் வாடைக் காற்று கடலைக் கலக்கிவிடும். அப்போது போட்டி வைக்கக்கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மே மாதமும் ஜூன் முதல் பாதியும் கல்லூரி விடுமுறை. அலை, தடைக்காலம், விடுமுறை மூன்றும் ஒரே நேரத்தில் வருகின்றன. அந்த ஆறு வாரத்தில் நடத்தும் போட்டிக்கு யாரும் ஓ.டி. கேட்டு நிற்கவேண்டியதில்லை. ஆகஸ்ட் மாதத்துப் பெரிய போட்டிகள் இன்டர்னல் தேர்வோடு மோதுவதுபோல் இது மோதாது.

தடைகள் இல்லை என்று சொல்லமாட்டேன். முதலாவது, பயம். ஈ.சி.ஆர்., ஓ.எம்.ஆர். கல்லூரிகளின் மாணவர்கள் விடுமுறை நாளில் இந்தக் கடலில் குளிக்க இறங்கி உயிரை விடுவது ஒவ்வொரு ஆண்டும் நடக்கிறது. கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் சிக்கினால் எதிர்த்து நீந்தாமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வரவேண்டும் என்பது குப்பத்துச் சிறுவனுக்குத் தெரியும். விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவனுக்குத் தெரியாது. அதனால்தான் 'கடல்' என்ற வார்த்தையைக் கேட்டவுடன் கல்லூரிகள் கதவைச் சாத்துகின்றன. நான் இதைத் தலைகீழாகப் பார்க்கிறேன். தடை போட்டும் அந்தப் பையன்கள் கடலுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். கல்லூரிக்குள் கடல் தெரிந்த பத்து மாணவர்களின் கிளப் ஒன்று இருந்து, முதலாண்டில் சேர்கிறவர்களுக்கு ஒரு காலை நேரம் கரையில் நின்று நீரோட்டத்தைக் காட்டிக் கொடுத்தால், சில வீடுகளில் சாவு விழாமல் இருக்கும். இந்தக் கரையில் மூழ்கியவர்களைப் பலகையைப் போட்டு இழுத்துவந்த அலைச்சறுக்குப் பையன்களை எனக்குத் தெரியும். அவர்களில் சிலர் உங்கள் கல்லூரிகளில்தான் படிக்கிறார்கள்.

இரண்டாவது, பெண்கள். ஆண்கள் போட்டியைப் பற்றியே இவ்வளவு எழுதிவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த பதினாலு பேரும் ஆண்கள் என்பதே காரணம். மாமல்லபுரத்துக் கமலி மூர்த்தி போன்ற பெண்கள் தேசிய அளவில் பலகை ஏறிப் புகழ்பெற்ற பிறகும், வயதுக்கு வந்த பெண்ணைக் கடலில் இறக்கக் குப்பத்து வீடுகள் இன்னும் தயங்குகின்றன. அமெரிக்காவில் ஆண்களுக்கு இடமில்லாமல் கிளப் பிறந்தது. இங்கே பெண்களுக்கான கிளப்பும் முதல் நாளிலிருந்தே கூடவே பிறக்கவேண்டும்.

மூன்றாவது என் மனதை அதிகம் உறுத்துவது. அலைச்சறுக்குக்கு இப்போது மவுசு வந்துவிட்டது. வார இறுதியில் சென்னையிலிருந்து கார்கள் வருகின்றன. நல்ல பலகை ஒன்றின் விலை, குப்பத்து வீட்டின் பல மாத வரும்படி. கல்லூரிக் கிளப் என்று நாளைக்கு வந்தால், பலகை சொந்தமாக வைத்திருப்பவனே உறுப்பினர் என்று ஆகிவிடக்கூடும். ஹோடனஷோனி மக்களுக்கு நடந்தது இதுதான்: விதி எழுதியவர்கள் ஆட்டத்தை எடுத்துக்கொண்டார்கள். ஆகவே இங்கே எழுதப்படும் முதல் விதி பலகையைப் பற்றியதாக இருக்கட்டும். கிரிக்கெட் மட்டையும் வலையும் கல்லூரி வாங்கித் தருவதுபோல, நாலு ஃபோம் பலகையைக் கல்லூரி வாங்கிக் கிளப்பின் பொதுச் சொத்தாக வைக்கட்டும். நடுவர் நாற்காலியில் குப்பத்து மூத்தவர் ஒருவராவது உட்கார்ந்திருக்கட்டும்.

கல்லூரிகளிடம் நான் கேட்பது இதற்கு மேல் அதிகமில்லை. அணி வேண்டாம், பயிற்சியாளர் வேண்டாம், ஒதுக்கீடும் இப்போதைக்கு வேண்டாம். மாணவர்கள் நடத்தும் கிளப்புக்கு ஒரு பெயர்ப்பலகை, பொறுப்பாசிரியர் ஒருவர், காப்பீட்டுக்கு ஒரு கையெழுத்து, அவர்கள் எழுதும் கணக்கைக் கல்லூரி ஏட்டில் ஒட்டிவைக்க ஒரு பக்கம். இந்த மாவட்டத்தில் பத்துக் கல்லூரிகள் இதைச் செய்தால் ஒரு லீக் ஆகிவிடும். சில ஆண்டு ஏடுகளைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ப் பல்கலைக்கழகத்திடம் பேசலாம். மிச்சிகனில் பேசியதும் அப்படி ஓர் ஏடுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போட்டி பத்தரைக்குள் முடிந்துவிட்டது. வெயில் ஏறிக் காற்றும் திரும்பியிருந்தது. முதல் பரிசு, பிளாஸ்டிக் அடிப்பாகம் வைத்த ஒரு சின்னக் கோப்பை. புதுப்பட்டினத்துப் பையன் மூன்றாவதாக வந்தான்: பதினொன்று புள்ளி நான்கு. நோட்டை அவன்தான் வைத்துக்கொண்டான். உப்புத் தண்ணீர் பட்டு முதல் சில பக்கங்களில் மை கலைந்திருந்தது. பேருந்துக்கு வரும் அந்தச் சாப்பாட்டுப் பையில் இப்போது டிபன் பாக்ஸோடு அந்த நோட்டும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போய்க்கொண்டிருக்கிறது. துறையில் யாரிடமாவது காட்டலாம் என்று வைத்திருக்கிறான். கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். பதினாலு பெயர்களுக்குக் கீழே ஒரு கோடு. அதற்குக் கீழே, அடுத்த ஜூன், இரண்டாவது ஞாயிறு, காலை ஐந்தரை என்று எழுதி, பெயர்களுக்கு இருபத்தெட்டு வரிசை எண்கள் போட்டு வைத்திருந்தான்.